கண்ணகியைப் பாடம் நடத்துவது எப்படி: பழைய உரையா, புது வாசிப்பா?

சிலப்பதிகாரம் வந்தாலே மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். உரையில் உள்ளதைச் சொன்னால் போதும், பிள்ளைகள் செய்யுளை மனப்பாடம் செய்யட்டும் என்பது ஒரு கட்சி. பெண்ணிய நோக்கில் பார்க்க வேண்டும், சாதியைப் பேச வேண்டும் என்பது இன்னொன்று. சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு என்பதால் பெற்றோரும் சண்டைக்குள் வந்துவிடுகிறார்கள்.

பழைய வழியின் பலம் சொல்லில் இருக்கிறது. "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்ற வரியை வாய்விட்டுச் சொன்ன பிள்ளைக்குக் கண்ணகியின் கோபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் வழக்கு முடிந்தது. சொல் சொல்லாகப் படித்தவர்களுக்கு இது ஆயுசுக்கும் மறக்காது.

ஆனால் 'உரைகாரர் சொன்னபடி' என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. பழைய உரைகாரர் அடியார்க்கு நல்லாரின் உரை, இந்த அரண்மனைக் காட்சிக்கு முந்தைய பகுதியான ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. அந்தக் காட்சி வரும் வழக்குரை காதைக்குப் பழைய துணை என்றால் அரும்பத உரையின் சுருக்கமான குறிப்புகள்தாம். உ.வே.சா. 1892-இல் நூலைப் பதிப்பித்த பிறகு வந்தவர்கள் எழுதிய விளக்கத்தைத்தான் நாம் பழைய பொருள் என்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் புது வாசிப்புதான்.

புது வாசிப்புக்கு நூலிலேயே ஆதாரம் இருக்கிறது. கொலைக்களக் காதையில், அடைக்கலம் கொடுத்த ஆய்ச்சி மாதரி வீட்டில் சோறு போட்ட கையோடு, கண்ணகி கோவலனைப் பார்த்து "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். அவள் வாய் திறந்தது அரண்மனையில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வகுப்பில் இந்த ஒரு வரியை எழுதிப் போட்டால் போதும். சிக்கல் எங்கே என்றால், பலர் வரியைக் காட்டாமல் முடிவை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். 'ஆணாதிக்கத்தின் பலி' என்று குறிப்பேட்டில் எழுதிய பிள்ளை, "யானோ அரசன் யானே கள்வன்" என்று உயிரை விட்ட பாண்டியனை வெறும் கொடுங்கோலன் என்று நினைத்துக்கொண்டு போகிறது. இதுவும் மனப்பாடம்தான்.

இரண்டு வழியையும் உரசிப் பார்க்க ஒரு இடம் உண்டு. பாண்டியன் இறந்த பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பத்தினிக்கு ஒரே பகலில் பலி கொடுக்கிறான். நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையிலும் இருக்கிறது, நீர்ப்படைக் காதையிலும் இருக்கிறது. பொய் சொன்னவன் ஒருத்தன், செத்தது ஆயிரம் பேர். பழைய வழியில் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். தெற்காவணி மூல வீதியில் பட்டறை வைத்திருப்பவரின் மகள் அதே வகுப்பில் இருப்பாள். 'தட்டான் செய்த வஞ்சகம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அவள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வாள்? ஒருவன் செய்த குற்றம் ஒரு கூட்டத்தின் தலையில் எப்படி விழுந்தது என்று கேட்க வைப்பது புது வாசிப்பு. இந்த இடத்தில் என் ஓட்டு தயக்கமில்லாமல் அதற்குத்தான்.

மூன்றாவதாக, நம்மூருக்கே பிடித்த வழக்காடு மன்றம். பிள்ளைகளுக்குக் கூச்சம் போகும், குரல் வரும். ஆனால் கைதட்டல் எந்தப் பக்கமோ தீர்ப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பாடம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பாடத்துக்குப் பதிலாக வேண்டாம்.

என்னைக் கேட்டால் எட்டாம் வகுப்பு வரை பழைய வழிக்கே முதலிடம்: ஓசை, சொற்பொருள், கதை. ஒன்பதிலிருந்து கேள்விகள் வரட்டும். எந்தக் கேள்விக்கும் வரி காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் நூலைத் திறந்தே ஆக வேண்டும். அப்புறம் வினாத்தாளையும் மாற்ற வேண்டும். 'கண்ணகியின் கற்புத் திறத்தை விளக்குக' என்பதிலும் சரி, 'பெண்ணடிமைத்தனம் வெளிப்படுமாற்றை விளக்குக' என்பதிலும் சரி, விடை கேள்வியிலேயே இருக்கிறது. கோவலனிடம் பேசிய கண்ணகியும் பாண்டியனிடம் பேசிய கண்ணகியும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே மாறுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு காதைகளையும் படிக்காமல் அதற்கு ஒரு மதிப்பெண்கூட வாங்க முடியாது.