ஓவியரின் துணிகள்: மேசை விரிப்பு வென்றது, திரைச்சீலை தோற்றது

நீர்வண்ணத்தில் பூக்களையும் கொடிகளையும் வரைந்துவரும் ஓர் ஓவியர், தம் மூலப் படங்களைத் துணியில் அச்சிட்டு வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கத் தொடங்கியிருக்கிறார். அவரிடம் இரண்டு குஷன் உறைகள், ஒரு சோடித் திரைச்சீலை, ஒரு மேசை விரிப்பு ஆகியவற்றை வாங்கி ஆறு மாதங்களாகப் புழங்கிவருகிறேன். வரைந்த கை ஒன்றே என்றாலும், துணியாக மாறியதில் மூன்றுக்கும் கிடைத்த பலன் ஒன்றாக இல்லை.

குஷன் உறை லினன் துணியில் அச்சிடப்பட்டது. ஒரு முழு ஓவியத்தையே சதுரத்துக்குள் அடக்கியிருக்கிறார். தாளில் நீர் உலரும்போது வண்ணம் ஓரத்துக்கு ஒதுங்கிக் கருக்குமே, அந்த மெல்லிய விளிம்புகூட மங்காமல் துணியில் இறங்கியிருக்கிறது. ஓர் இலையின் அடியில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடும் அப்படியே தெரிகிறது. அதைத் துடைத்துவிடாமல் வைத்திருந்தது எனக்குப் பிடித்தது. தாளின் சொரசொரப்பும் ஸ்கேனில் பதிந்து வந்திருப்பதால், நெசவின் மேல் இன்னொரு நெசவு போல ஒரு மயக்கம் ஏற்படுகிறது. பஞ்சை நிரப்பியதும் நான்கு மூலைகளும் பின்னால் மடங்கி அங்குள்ள மொட்டுகள் மறைந்துவிடுகின்றன என்பது சிறு குறைதான்.

திரைச்சீலைதான் ஏமாற்றியது. ஒரே ஓவியத்தை மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்கி நீளத்தை நிரப்பியிருக்கிறார். ஒட்டிய இடம் தேடினாலும் தெரியாத அளவுக்கு அந்த வேலை சுத்தமானது. ஆனால் படத்தில் ஒரு கரும்பூ இருக்கிறது. தனி ஓவியத்தில் கண்ணை இழுத்து நிறுத்தும் அந்தப் பூ, 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப வரும்போது, அறையின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்குத் துணியின் குறுக்கே பட்டை அடித்ததுபோல் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, திரைச்சீலை சுருக்கங்களோடு தொங்குவது. கம்பியின் அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு துணி பிடிப்பதால் படத்தின் பெரும்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது. பிரெஞ்சு ஓவியர் ரவுல் துஃபி 1912-இல் பியாங்கினி-ஃபெரியே என்ற பட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பல ஆண்டுகள் துணிக்கென்றே தனியாக வரைந்தார். சட்டத்துக்குள் நிற்கும் படத்துக்கு ஒரு மையம் வேண்டும். தொங்கும் துணியில் அந்த மையமே இடறும் என்பதை இந்தத் திரைச்சீலையைப் பார்த்த பிறகு நன்றாகவே உணர்ந்தேன்.

இதே ஓவியருக்கு அது தெரியாமலும் இல்லை என்பதற்கு மேசை விரிப்பே சாட்சி. இங்கே அந்தக் கரும்பூவைக் காணோம். கொடியைச் சிறு சிறு கிளைகளாகப் பிரித்து, அடுத்தடுத்த வரிசைகளைப் பாதி அளவு கீழே இறக்கி அமைத்திருப்பதால், எது எங்கே மீண்டும் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. கிளைகள் எல்லாத் திசைகளிலும் திரும்பியிருப்பதால், மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் யாருக்கும் பூக்கள் தலைகீழாகத் தெரிவதில்லை.

சாயத்தைப் பற்றி ஒரு முறையீடு உண்டு. விற்பனைக் குறிப்பில் எல்லாவற்றுக்கும் ‘நிறம் போகாது’ என்றே எழுதியிருந்தது. நான்காவது சலவைக்குப் பிறகு குஷன் உறையின் அடர்பச்சை ஜிப் ஓரத்தில் வெளுத்தது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தபோது பச்சை ஒட்டிக்கொண்டது. கேட்ட பிறகுதான் அது பிக்மென்ட் மை என்று தெரியவந்தது. அது பசையின் துணையோடு இழையின் மேற்பரப்பில் தங்குவது. உரசல் அதிகமுள்ள இடத்தில் முதலில் தேயும். மேசை விரிப்பில் இருப்பதோ ரியாக்டிவ் சாயம். அச்சிட்டபின் ஆவியில் வைத்து, ஒட்டாத சாயத்தை அலசி எடுக்கும் இந்த முறையில் நிறம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடுகிறது. வாரந்தோறும் துவைத்தும் அது இன்னும் வாங்கியபடியே இருக்கிறது. நீளம் மட்டும் 3 சென்டிமீட்டர் சுருங்கியது. எந்தப் பொருளில் எந்த மை என்பதை வாங்குமுன் சொல்லியிருந்தால், உறையைத் திருப்பிப்போட்டுக் குளிர்நீரில் கையால் அலசியிருப்பேன்.

அதே மேசை விரிப்பில் இன்னொன்று வேண்டுமென்று ஓவியரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். திரைச்சீலையைக் கழற்றிக் கரும்பூ வராத பகுதிகளாகப் பார்த்து வெட்டி, நான்கு நாற்காலிகளுக்கு இருக்கை உறை தைத்துவிட்டேன். அந்த அளவில் அது அழகாகத்தான் இருக்கிறது.