யூவெர்ஷன் பைபிள் செயலி: வசனம் கைக்கு வருகிறது, அதிகாரத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும்

ஞாயிறு ஆராதனையில் போதகர் வேதபகுதியை அறிவித்ததும், கறுப்பு அட்டை வேதாகமத்தைத் திறப்பவர்களுக்கு நடுவே கைபேசியை எடுப்பவர்களையும் இப்போது சாதாரணமாகக் காண்கிறோம். அந்தக் கைபேசிகளில் அடிக்கடி கண்ணில் படுவது, பழுப்பு நிற அட்டையும் சிவப்பு நாடாவும் கொண்ட யூவெர்ஷன் பைபிள் செயலியின் சின்னமாகும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள லைஃப் சர்ச் என்னும் சபை 2008 ஜூலையில், ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் தொடங்கப்பட்ட வேளையிலேயே இதை வெளியிட்டது. 2021இல் இதன் பதிவிறக்கங்கள் 50 கோடியைத் தாண்டின. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. காணிக்கைகளைக் கொண்டே நடத்தப்படுகிறது. வேதத்தை விலையின்றிக் கொண்டுசேர்ப்பதே இதன் மிஷனெரி நோக்கம் என்பதால், அனுதின வேத வாசிப்பு, தேவன்மேல் நம்பிக்கை, சுவிசேஷப் பணி ஆகியவற்றில் ஒரு விசுவாசி வளர இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை வைத்தே இதை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசிப்புக் கருவி என்ற அளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், எளிய நடைப் பதிப்புகள், கத்தோலிக்கர்களும் பயன்படுத்தும் திருவிவிலியம் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கலாம், வசனத்துக்கு நிறமிட்டுக் குறிப்பு எழுதலாம், ஒலி வடிவம் உள்ள பதிப்புகளைக் கேட்கவும் செய்யலாம். பார்வை மங்கிய முதியவர்களுக்கு இவற்றுள் முதலாவதும் கடைசியும் போதும். மற்ற வசதிகள் எல்லாம் அவர்களைப் பொறுத்தவரை உபரிதான்.

செயலியைத் திறந்ததும் வரவேற்பது ‘இன்றைய வசனம்’. அழகிய படத்தின்மேல் ஒரே ஒரு வசனம் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தொடுதலில் அதை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்துவிடலாம். இது நமக்குப் புதிய பழக்கமல்ல. ஆண்டு இறுதி இரவு ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதை ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்திருந்த சமூகம்தானே நாம்? அந்த அட்டையின் பலமும் பலவீனமும் அப்படியே இங்கும் தொடர்கின்றன. எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல என்னும் அந்த வசனம் தொங்காத கிறிஸ்தவ வீடு அரிது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்கிறது. அப்படியென்றால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி வரவே போவதில்லை. அதுவரை என்ன செய்வது என்பதையும் கடிதம் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறைப்படுத்தின அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். கிறிஸ்தவன் தேவனை நம்பியிருப்பது எப்படி என்பதையும், அந்நியர் நடுவே அவனுக்கு உள்ள பணி என்ன என்பதையும் ஒரே மூச்சில் கற்பிக்கும் பகுதி இது. படமாக வரும் ஒற்றை வசனத்தில் இவை எதுவும் தெரியாது. வசனத்தைத் தொட்டு முழு அதிகாரத்துக்குள் போக வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் விரல் போவதென்னவோ ‘பகிர்’ பொத்தானுக்குத்தான்.

வாசிப்புத் திட்டங்களிலும் இதே இழுபறி உண்டு. பயம், கவலை, நம்பிக்கை என்று தலைப்பு வாரியாக மூன்று நாள், ஐந்து நாள் திட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஒரு சிறு தியானமும் இரண்டு மூன்று வசனங்களும் வரும். வேத வாசிப்பையே விட்டுவிட்டவர் மறுபடி தொடங்குவதற்கு இவை ஏற்றவை. இதை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் இவற்றிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், ஆறுதல் தரும் வசனங்களை மட்டுமே சுற்றிவருவோம். இருளிலேயே முடிந்துவிடும் 88ஆம் சங்கீதத்துக்கு இத்தகைய திட்டங்களில் இடம் கிடைப்பது அபூர்வம். துன்பத்தில் இருப்பவருக்கோ அந்தச் சங்கீதமே சில வேளைகளில் மெய்யான துணை.

ஆகவே நான் பரிந்துரைப்பது, இதே செயலியில் கிடைக்கும் மக்செய்ன் திட்டத்தையே. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த இராபர்ட் மர்ரே மக்செய்ன், 1842இல் தம் சபையாருக்காக இதை வகுத்தார். சில மாதங்களிலேயே, 29ஆம் வயதில் மரித்தார். நாள்தோறும் நான்கு அதிகாரங்கள். ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடியும். ஜனவரி முதல் தேதியில் ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கின் முதல் அதிகாரங்களும் ஒன்றாகத் தொடங்குகின்றன. பாதி குடும்ப ஜெபத்துக்கு, பாதி தனி ஜெபத்துக்கு என்பது அவருடைய ஏற்பாடு. இன்றைய வேலை நாளில் நான்கு அதிகாரம் பாரமாகத் தோன்றினால் இரண்டாகக் குறைத்து, இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏனென்றால், இத்திட்டத்தால் வரக்கூடிய ஆபத்துகளையும் அவரே பட்டியலிட்டிருக்கிறார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடுவது, வாசித்துவிட்டோம் என்னும் சுயநீதி, கவனமின்றி ஓட்டிவிடுவது, சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடுவது.

இந்த நான்கையும் வைத்துப் பார்க்கும்போதுதான், செயலியின் ‘ஸ்ட்ரீக்’ எனப்படும் தொடர்நாள் கணக்கு எனக்கு நெருடுகிறது. செயலியைத் திறந்தாலே அந்த நாள் கணக்கில் ஏறிவிடுகிறது. வாசித்தோமா, ஜெபித்தோமா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் முடியாது. ஒழுங்கைப் பழகிக்கொள்ள எண்ணிக்கை ஓரளவு உதவலாம். ஆனால் காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் எழுந்ததும் அறுபட்ட கணக்குக்காக வருந்துவாரானால், அது பக்தியைச் சேர்ந்த வருத்தம் அல்ல.

சுவிசேஷப் பணி என்று வரும்போது, வசனப் படத்தைப் பகிர்வதே சாட்சி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் புத்தகம் ஏற்கெனவே இருந்தது. அவர் சத்தமாக வாசித்துக்கொண்டும் இருந்தார். அவரிடம் இல்லாதது, இரதத்தில் ஏறி அருகே உட்கார்ந்து விளக்கிச் சொல்லும் ஒரு மனிதன். அந்த இடத்தை ஓரளவாவது நிரப்புவது, நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் திட்ட வசதி. ஒவ்வொரு நாள் பகுதியையும் முடித்தவுடன் குழுவிலுள்ளவர்கள் கருத்தை எழுதலாம், கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். வெளியூரில் படிக்கும் பிள்ளையும் வீட்டிலிருக்கும் பெற்றோரும், அல்லது புதிதாக விசுவாசத்துக்குள் வந்த ஒருவரும் சபையின் மூப்பர் ஒருவரும் இப்படி வாசிப்பதற்கு இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இந்த ஒரு வசதிக்காகவே செயலியை வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அனுமதி உள்ள பதிப்பாக இருந்தால் பதிவிறக்கியும் வைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு வாசித்தால் மற்ற செயலிகளின் அறிவிப்புகள் பெரும்பாலும் இடையில் புகமாட்டா. தினசரி நினைவூட்டலை அதிகாலைக்கு வைப்பதா இரவுக்கு வைப்பதா என்பது அவரவர் வீட்டு நடைமுறையைப் பொறுத்தது.