தலைவர்களின் கைகுலுக்கலா, அதிகாரிகளின் நாட்காட்டியா?

சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். பகைமை பாராட்டும் அண்டை நாடுகள் தங்களுக்குள் பதற்றத்தை எப்படித் தணித்துக்கொள்கின்றன என்ற பகுதிக்கு இந்த ஆண்டு பாடத்திட்டம் எழுத வேண்டியிருந்தது. இருக்கும் நேரம் கொஞ்சம். வழிகள் மூன்று: தலைவர்கள் நேரில் சந்திக்கும் உச்சி மாநாடு, மூன்றாவது நாடோ அமைப்போ நடுவில் நின்று செய்யும் மத்தியஸ்தம், அதிகாரிகள் மட்டத்தில் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் ஓடும் நிரந்தர ஏற்பாடுகள். பாதிக்கு மேற்பட்ட நேரத்தை மூன்றாவதற்கே ஒதுக்கினேன். அதற்கான காரணம்தான் இந்த அலசல்.

உச்சி மாநாட்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து வருடம் அதிகாரிகள் பேசியும் நகராத விஷயத்தை இரண்டு தலைவர்கள் ஒரே நாளில் நகர்த்திவிட முடியும். 1977 நவம்பரில் எகிப்து அதிபர் சாதாத் பகை நாடான இஸ்ரேலுக்கே கிளம்பி ஜெருசலேமில் போய் இறங்கியதை எந்தக் குழுவும் திட்டமிட்டுச் சாதித்திருக்க முடியாது. மக்கள் மனநிலையையே மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு.

ஆனால் இந்தியா, பாகிஸ்தான் அனுபவத்தைப் பாருங்கள். 1999 பிப்ரவரி 20 அன்று வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போனார். மறுநாள் லாகூர் பிரகடனம் கையெழுத்தானது. அதே ஆண்டு மே மாதம் கார்கிலில் சண்டை. 2001 ஜூலையில் ஆக்ரா மாநாடு கூட்டறிக்கைகூட இல்லாமல் முடிந்தது. 2015 டிசம்பர் 25 அன்று மோடி திடீரென்று லாகூரில் இறங்கி நவாஸ் ஷெரீபைப் பார்த்தார். ஜனவரி 2 அன்று பதான்கோட் விமானப்படைத் தளத்தில் தாக்குதல். சீனாவுடனும் இதே கதைதான். 2018இல் ஊஹான், 2019 அக்டோபரில் மாமல்லபுரம் என்று இரண்டு சந்திப்புகள் நடந்தன. கடற்கரைக் கோயில் முன்னால் இரு தலைவர்களும் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து நம்பிக்கை வராதவர்கள் குறைவு. எட்டு மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள்.

மாநாடு நடந்ததால் சண்டை வந்தது என்று சொல்லவில்லை. மாநாட்டில் பிறந்த நல்லெண்ணத்தை மறுநாள் காலையில் கையில் எடுத்துக்கொண்டு வேலை பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என் குறை. அமைதியைக் கெடுக்க நினைப்பவர்களுக்கும் மாநாட்டுத் தேதிதான் நல்ல குறி.

மத்தியஸ்தத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நடுவர் பலசாலியாகவும் பொறுமைசாலியாகவும் இருந்தால் அற்புதமாக வேலை செய்யும். உலக வங்கி கிட்டத்தட்ட எட்டு வருடம் விடாமல் உட்கார்ந்துதான் 1960இல் இந்தியா, பாகிஸ்தான் இடையே சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை முடித்தது. எகிப்தையும் இஸ்ரேலையும் உட்காரவைத்துப் பேச கேம்ப் டேவிட்டில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் 13 நாள் செலவழித்தார். ஆனால் நடுவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் கதை முடிந்தது. 1966 ஜனவரியில் சோவியத் பிரதமர் கோசிகின் முன்னிலையில் இந்தியா, பாகிஸ்தான் இடையே தாஷ்கண்ட் உடன்பாடு ஆனது. ஆறே வருடத்துக்குள் அடுத்த போர் நடந்து முடிந்துவிட்டது. தவிர, ஒரு தரப்பு நடுவரே வேண்டாம் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவின் நிலைப்பாடு அதுதான்.

சரி, இப்போது மூன்றாவது வழிக்கு வருகிறேன்.

1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாதில் ராஜீவ் காந்தியும் பெனசிர் பூட்டோவும் இருக்கும்போது ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஒருவர் அணுமின் நிலையங்களையும் அணுசக்திக் கூடங்களையும் மற்றவர் தாக்கக் கூடாது என்பது சாரம். அளவில் மிகச் சிறிய உடன்பாடு. ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று அந்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியலை மற்ற நாட்டுக்குக் கொடுக்க வேண்டும். 1992இல் தொடங்கி டெல்லியிலும் இஸ்லாமாபாதிலும் ஒரே நாளில் பட்டியல்கள் கைமாறுகின்றன. 2002 ஜனவரி 1 எப்படிப்பட்ட நாள் என்று நினைத்துப் பாருங்கள். இந்திய நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் படைகள் எல்லைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அன்றும் பட்டியல் போனது, வந்தது. யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தேதி வந்தது, அதிகாரி தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் இதுதான். பராமரிப்பு. எந்த உடன்பாட்டைப் பார்த்தாலும் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். அடுத்து என்றைக்குச் சந்திப்பது அல்லது என்றைக்கு என்ன கொடுப்பது என்று அந்தக் காகிதத்திலேயே தேதி இருக்கிறதா? அன்றைக்கு அதைச் செய்யாவிட்டால் எந்தப் பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும்? இந்த இரண்டும் இருக்கும் ஏற்பாட்டை நிறுத்த வேண்டுமென்றால் யாராவது துணிந்து முடிவெடுத்தாக வேண்டும், அந்த முடிவு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத ஏற்பாடு சாக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்.

சிந்து ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் இருந்தன. இரு நாட்டுக்கும் தலா ஓர் ஆணையர், வருடத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டிய நிரந்தர ஆணையம். இந்தியா பத்துத் தவணையில் தர வேண்டிய 6 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகைக்குத் தவணைத் தேதிகூட ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1965 போர் நடந்த வருடமும் தவணை கட்டப்பட்டது. 1971, 1999 சண்டைகளையும் அது தாண்டியது.

பிரான்ஸ், ஜெர்மனி விஷயத்தில் பிரெஞ்சு அதிபர் தெ கோலும் ஜெர்மன் சான்சலர் அடினாவரும் தழுவிக்கொண்டதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர்கள் செய்த 1963 எலிசே ஒப்பந்தத்தைப் படித்தால் அதன் முதல் பகுதியே கால அட்டவணைதான். தலைவர்கள் வருடத்துக்கு இரண்டு முறையாவது, வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சந்திக்க வேண்டும். பிடிக்காத இரண்டு பேர் பதவிக்கு வந்தாலும் சந்தித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது.

இன்னும் எனக்குப் பிடித்தது அர்ஜென்டினாவும் பிரேசிலும் 1991இல் செய்தது. இரண்டும் ஒன்றின் அணு ஆராய்ச்சியை மற்றொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நாடுகள். அணுப் பொருள்களைக் கணக்கெடுக்க ரியோ டி ஜெனிரோவில் ஒரு பொது முகமை வைத்தார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் அர்ஜென்டினாவின் கூடங்களுக்குப் போய்ச் சோதிக்கிறார்கள், அர்ஜென்டினாக்காரர்கள் பிரேசிலில் சோதிக்கிறார்கள். எதிராளியின் கிடங்குக்குள் போய்க் கணக்கைச் சரிபார்ப்பது இரு பக்கத்திலும் சிலருக்கு மாதச் சம்பள வேலையாகிவிட்டது. ஆனால் இந்த வெற்றியை முழுக்க அந்த முகமைக்கே எழுதிவைக்க எனக்குத் தயக்கம். அதற்குச் சில வருடம் முன்பே இரண்டு நாட்டிலும் ராணுவ ஆட்சி முடிந்துவிட்டது. அரசியல் மாறாமல் இருந்திருந்தால் ஆய்வாளர்களை உள்ளே விட்டிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி.

எதிர்வாதங்களையும் மறைக்கக் கூடாது. மூன்று போர்களைத் தாண்டிய சிந்து ஒப்பந்தத்தை, பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா நிறுத்திவைத்தது. ஆக, தேதியும் பதவியும் இருந்தால் ஏற்பாடு சாகவே சாகாது என்று சொல்ல முடியாது. சீன எல்லையில் இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக் கூடாது என்ற 1996 உடன்பாடு இருந்தும் கல்வானில் உயிர்கள் போயின. ஆனால் அந்த இரவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கல்லும் கம்பியும் ஆணி அடித்த தடியும் கொண்டு மணிக்கணக்கில் மோதினார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் விஷயம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உடன்பாடு உயிர்களைக் காக்கவில்லை, போரைத் தடுத்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்புறம் நிலைமையைச் சரிசெய்ததும் படைத் தளபதிகள் சுற்றுச் சுற்றாக உட்கார்ந்து பேசிய பேச்சுதான். 2024 அக்டோபரில் ரோந்து பற்றிய உடன்பாடு வரும்வரை அது நாலு வருடத்துக்கும் மேல் இழுத்தது.

ஹாட்லைன், அதாவது இரு தரப்பு அதிகாரிகளுக்கும் இடையிலான நேரடித் தொலைபேசி, விஷயத்திலும் இதே இரண்டு முகம் உண்டு. இந்திய, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் அலுவலகங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் பேசிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது இந்த இரண்டு அலுவலகங்களின் கூட்டறிக்கையால்தான். 2025 மே மாதம் இரு நாடும் மோதிக்கொண்டபோது, 10ஆம் தேதி பிற்பகல் 3.35க்கு பாகிஸ்தான் இயக்குநர் இந்திய இயக்குநரை போனில் அழைத்தார், ஐந்து மணிக்குத் தாக்குதலை நிறுத்துவது என்று முடிவானது. சமாதானம் செய்துவைத்தது யார் என்று அமெரிக்காவும் இந்தியாவும் இன்றுவரை வேறு வேறு பதில் சொல்கின்றன. எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பது அந்த போனில்தான் பேசப்பட்டது. ஆனால் 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தபோது, இந்தியா அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து. உடனே போனை எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று பாகிஸ்தான் கேட்டது. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

மூன்றாவது வழியின் பெரிய குறை ஒன்று உண்டு. அது மூல வழக்கைத் தீர்ப்பதில்லை. காஷ்மீர் பற்றி அந்த ஜனவரி 1 பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது. வலியைத் தாங்கக்கூடியதாக ஆக்கிவிட்டால் நோயைக் குணப்படுத்தும் அவசரம் போய்விடும் என்று சிலர் வாதிடுவார்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தீர்வு வரும்வரை இரண்டு பக்கமும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால்தான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

மாநாடே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அந்த 1988 உடன்பாடே பிரதமர்கள் சந்தித்தபோது பிறந்ததுதான். லாகூரில் 1999இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கையெழுத்திட்ட குறிப்பில், பாலிஸ்டிக் ஏவுகணைச் (உயரே ஏவப்பட்டு வளைந்து வந்து விழும் வகை) சோதனையை முன்கூட்டியே தெரிவிப்போம் என்று ஒரு வரி இருந்தது. கார்கிலுக்குப் பிறகும் அந்த வரி பிழைத்து, 2005இல் முறையான உடன்பாடானது. தலைவர்கள் எப்போதாவது கூடும்போது இப்படி ஓர் அதிகாரியின் மேசைக்குப் போகக்கூடிய வரி ஒன்றையாவது எழுதிவிட்டுப் பிரிய வேண்டும்.

இப்போதைக்கு அப்படி ஒரு வரி கண்ணெதிரே இருக்கிறது. 2005 உடன்பாடு பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். மியான் சன்னுவில் விழுந்தது விமானம் போலப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணை. 2025 மே மாதத்தில் இரண்டு பக்கமும் பறந்தவற்றில் ட்ரோன்களும் ஏராளம். குரூஸ் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே சொல்வது, தவறுதலாக எது எல்லை தாண்டினாலும் இத்தனை நிமிடத்துக்குள் ஹாட்லைனில் தெரிவிப்பது என்று இரண்டு ஷரத்துகளைச் சேர்த்தால் போதும். பிரதமர்கள் சந்திக்கும் சூழ்நிலை இல்லாவிட்டாலும் இணைச் செயலாளர்களும் ராணுவ அதிகாரிகளும் உட்கார்ந்து பேசத் தொடங்கக்கூடிய வேலை இது.