லைக்காவின் மேல்தகட்டுப் பொறிப்பு: அசல், ஆலையில் மாற்றியது, போலி

லென்ஸைத் திருகிப் பொருத்தும் பழைய ஜெர்மன் கேமராவான திருகுவாய் லைக்கா ஒன்று விற்பனைக்கு வரும்போது வாங்குபவரின் கண் முதலில் மேல்தகட்டுக்குத்தான் போகிறது. சாய்ந்த கையெழுத்து வடிவில் ‘லைக்கா’, அதனுடன் டி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து, எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்ற நிறுவனப் பெயர், வெட்ஸ்லர் என்ற ஊர்ப் பெயர், ஒரு வரிசை எண் ஆகியவை இருந்துவிட்டால் கேமரா அசல்தான் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இதே எழுத்துகளைத் தாங்கிய மூன்று வகைக் கேமராக்கள் இன்று கைமாறுகின்றன. முதலாவது, ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது. இரண்டாவது, அதே ஆலைக்குத் திரும்பிச் சென்று புதிய மாதிரியாக மாற்றப்பட்டது. மூன்றாவது, சோவியத் ஒன்றியத்தின் ஃபெட் அல்லது ஜோர்க்கி கேமராவின் மேல்தகட்டைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறித்தது. இவற்றைப் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது உடலின் அமைப்பு. எழுத்தை அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும்.

அசல் பொறிப்பு என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். டி.ஆர்.பி. என்பது ஜெர்மன் ரைஷ் காலத்துக் காப்புரிமையைக் குறிக்கிறது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி உருவான பிறகு வந்த கூட்டாட்சிக் காப்புரிமைக்கு டி.பி.பி. என்ற குறி வழங்கியது. 1954-இல் வெளிவந்த லைக்கா எம்3 கேமராக்களில் அதைக் காணலாம். எம்3-இன் மேல்தகட்டில் மாதிரியின் பெயரே வரிசை எண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அந்த வரிசை 700000-இல் தொடங்குகிறது. போருக்கு முந்தைய திருகுவாய் மாதிரிகளில் இந்த வசதி இல்லை. 1932-இல் வந்த இரண்டாம் மாதிரி, 1933-இன் மூன்றாம் மாதிரி, 1935-இன் மூன்று-ஏ, 1938-இன் மூன்று-பி ஆகிய எதிலும் மாதிரியின் பெயர் மேல்தகட்டில் எழுதப்படவில்லை. ஆகவே வரிசை எண்ணையும் உடலின் அமைப்பையும் சேர்த்துப் படித்தால்தான் கையில் இருப்பது எந்த மாதிரி என்று தெரியும். போலி செய்பவருக்கு வாய்ப்பைத் தருவதும் இந்த மௌனம்தான்.

ஃபெட் கேமரா 1934 முதல் கார்கிவ் நகரில், சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் தாங்கிய இளைஞர் கம்யூனில், இரண்டாம் மாதிரி லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஜோர்க்கி 1948 முதல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் உருவானது. மூலம் ஒன்றே என்பதால் மேலோட்டமான பார்வைக்கு இவை லைக்காவாகவே தெரியும். ஆனால் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் வேறுபாடு வெளிப்படும். லென்ஸின் நகர்வை, தூரத்தை அளந்து குவியம் அமைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தும் நெம்புகோலின் நுனியில் லைக்காவில் சிறிய உருளை ஒன்று சுழலும். ஃபெட்டிலும் ஜோர்க்கியிலும் பொதுவாக அந்த இடத்தில் சுழலாத, ஆப்பு வடிவ உலோக நுனி இருக்கும். மேல்தகட்டில் எதை வேண்டுமானாலும் பொறித்துவிட முடியும். உள்ளே இருக்கும் இந்த நுனியை மாற்ற மெனக்கெடும் போலிக்காரர்கள் அரிது. அசல்–போலி ஒப்பீட்டில் வேறெந்த அடையாளத்தையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

படை முத்திரை தாங்கியவற்றில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஜெர்மன் விமானப் படையின் உடைமை என்ற வாசகம், கழுகுச் சின்னம், கடற்படைக் குறி, 1936 பெர்லின் ஒலிம்பிக் நினைவு என்று எத்தனையோ பொறிப்புகள், சில வேளை பொன்னிறப் பூச்சுடனும் வண்ணத் தோலுடனும், உலா வருகின்றன. படைகளுக்காக உண்மையில் வழங்கப்பட்ட லைக்காக்களில் பெரும்பகுதி 1940-இல் தொடங்கிய மூன்று-சி மாதிரியைச் சேர்ந்தவை. மூன்று-சி வார்ப்பு உடல் கொண்டது. முந்தைய மாதிரிகளைவிட ஏறத்தாழ 3 மி.மீ. நீளமானது, மெதுவான ஷட்டர் வேகங்களுக்கு முன்புறத்தில் தனிச் சக்கரம் உண்டு. மூன்று-பி முதலே பின்புறத்தில் காட்சித்துளையும் ரேஞ்ச்ஃபைண்டர் துளையும் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிட்டன. ஃபெட்டிலும் முதல் ஜோர்க்கியிலும் இரண்டு துளைகளும் விலகி நிற்கும். முன்புறச் சக்கரமும் இருக்காது. ஆகவே விமானப் படை வாசகம் தாங்கிய ஒரு கேமராவில் துளைகள் விலகியும் முன்புறம் வெறுமையாகவும் இருந்தால், வாசகத்தின் எழுத்துரு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை ஏற்கக் கூடாது. போர்க்கால மூன்று-சி சிலவற்றில் வரிசை எண்ணை அடுத்து ‘கே’ என்ற எழுத்து வரும். குண்டுத் தாங்கிகள் (பால் பேரிங்) பொருத்திய ஷட்டருக்கான குறி அது. அந்த ஓர் எழுத்து விலையை உயர்த்துவதால் பின்னாளில் சேர்க்கப்படவும் கூடும். எண்ணின் இலக்கங்களோடு அதன் ஆழமும் கோட்டின் தடிப்பும் ஒத்துப்போகின்றனவா, வெட்டு மேல்பூச்சைக் கிழித்து அடியிலுள்ள பித்தளையைப் பளிச்சென்று காட்டுகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

இந்த வணிகத்தில் என்னை மிகவும் வருத்துவது, ஒவ்வொரு போலிக்காகவும் ஓர் உண்மையான ஃபெட் அழிக்கப்படுவதுதான். போருக்கு முந்தைய ஃபெட்டின் மேல்தகட்டில் இருந்த சிரிலிக் பொறிப்பு தன்னளவிலேயே ஒரு வரலாற்று ஆவணம். தேய்த்த பிறகு அதை மீட்க வழியில்லை.

போலியைக் கண்டு அஞ்சுபவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஆலையில் மாற்றிய அசல் கேமராவையும் ஒதுக்கிவிடுகிறார்கள். லைட்ஸ் நிறுவனம் பழைய கேமராக்களைப் பெற்றுப் புதிய மாதிரியின் வசதிகளைப் பொருத்தித் தந்தது. ரேஞ்ச்ஃபைண்டரே இல்லாத முதல் மாதிரி இரண்டாகவோ மூன்றாகவோ மாறியது. மூன்று-சி, ஃபிளாஷ் இணைப்புள்ள மூன்று-எஃப் ஆனது. வரிசை எண் மட்டும் பழையதாகவே இருந்தது. இங்கும் எண்ணும் உடலும் பொருந்தவில்லை என்பது உண்மைதான்; ஆனால் பொருந்தாமையின் திசை வேறு. மாற்றப்பட்ட அசலில் எண் பழையது, உடலின் வசதிகள் புதியவை. போலியிலோ மூன்று-சி காலத்து எண் இரண்டாம் மாதிரி உடலின் மேல் ஏறி நிற்கும். சில மாதிரிகளின் உற்பத்தி ஒரே காலத்தில் நடந்ததால் இதை நாள் கணக்காக இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அப்போது பிரெஞ்சுக் கட்டுப்பாட்டில் இருந்த சார்லாந்தில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறு எண்ணிக்கையில் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட்ட மூன்று-ஏ கேமராக்கள் தக்க விதிவிலக்கு. ‘மோன்டே ஆன் சார்’ (சாரில் கோக்கப்பட்டது) என்ற பிரெஞ்சுப் பொறிப்பு உள்ள அவற்றில் உடல் மாதிரி தன் காலத்துக்குப் பின்தங்கியது.

மூன்று-எஃப்-இல் பொறிப்பின் வேறுபாடு நேரடியாகவே பயன்படுகிறது. 1950-இல் வந்தவற்றில் வேகச் சக்கரத்தின் அடியிலுள்ள, ஃபிளாஷை ஷட்டருடன் ஒத்திசைக்கும் எண்கள் கறுப்பு. 1952 முதல் சிவப்பு. ஷட்டர் வேகங்களும் (30 என்றால் நொடியில் 30-இல் ஒரு பங்கு) உடன் மாறின: கறுப்பில் 30, 40, 60 என்றும், சிவப்பில் 25, 50, 75 என்றும் வரும். நிறமும் வேகங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் உதிரிபாகம் மாறியிருக்கிறது அல்லது எண்களுக்கு மறுவண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சிவப்பு எண்கள் உள்ள உடலில் மூன்று-சி காலத்து வரிசை எண் இருந்தால் அது ஆலை மாற்றமாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஸ்டுட்கார்ட்டில் செய்யப்பட்ட, லைக்காவின் போட்டியான கான்டாக்ஸ் இரண்டு-ஏ கேமராவிலும் முழுக் கறுப்புச் சக்கரம் முந்தையது, பல வண்ணச் சக்கரம் பிந்தையது. முந்தையதற்கு ஃபிளாஷ் இணைக்கத் தனி வகை வடம் வேண்டும் என்பதை வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

படம் எடுக்க விரும்புபவர் மூன்றில் ஒன்றைத் தேர்வதானால், ஆலையில் மூன்று-எஃப் ஆக மாற்றிய மூன்று-சி-யையே பரிந்துரைப்பேன். சேகரிப்பாளர் ஒதுக்குவதால் விலை இறங்கினாலும், பாகங்களும் வேலைப்பாடும் வெட்ஸ்லரைச் சேர்ந்தவையே. சேகரிப்பவர் மாற்றப்படாத உடலைத் தேடலாம். ஆனால் படை முத்திரைக்காகக் கூடுதல் பணம் தருவதற்கு முன், லென்ஸைக் கழற்றிய நிலையில் உட்புறத்தையும், பின்புறத் துளைகள் இரண்டையும் தெளிவாகக் காட்டும் படங்களை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவற்றைத் தர மறுப்பவரிடம் மேல்தகட்டின் படம் எத்தனை இருந்தாலும் பேரத்தைத் தொடர வேண்டியதில்லை.