முயல் கூண்டு ஈ வலை: ஒரு கோடை முழுக்க யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல, அதுவும் சாட்ஸ்வர்த் பக்கம் வெளில கூண்டு வச்சு முயல் வளக்கிறவங்க இத கொஞ்சம் படிங்க. டிசம்பர்லேந்து மார்ச் வரைக்கும் இங்க அடிக்கிற புழுக்கத்துல பச்சை ஈ சும்மா விடாது. போன வருஷம் தைப்பூசக் காவடி அன்னிக்கு வீட்ல எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிட்டோம், எங்க முயல் வெள்ளச்சிக்கு முந்தின நாளே வயிறு சரியில்ல, பின்பக்க முடியில ஈரப் புழுக்கை ஒட்டிக்கிட்டிருந்துச்சு, வந்து சுத்தம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். மறுநாள் காலைல தூக்கிப் பாத்தா முடிக்குள்ள நொய்யரிசி அப்பின மாதிரி ஈ முட்டை, அதுக்கு அடில பொடிப்பொடியா புழு நெளியுது. இந்த வெயில்ல முட்டை பொரிய ஒரு நாள் கூட வேணாமாம். டாக்டர் முடியெல்லாம் மழிச்சு இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்தாரு, தோலுக்குள்ள இறங்கல, பொழச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் வாங்கினதுதான் இந்த வலை. கூண்டு மேல அப்படியே போர்த்தி முன்னாடி ஜிப் போட்டுக்கலாம். கண்ணி அவ்ளோ பொடிசு, கொசு கூட நுழையாது, ஆனா காத்து நல்லா வருது, முயல் சூடு தாங்காதுங்கிறதால எனக்கு அதான் பெரிய விஷயம். குறைன்னா ஜிப்தான். கீழ் மூலைல ரெண்டு விரல் கேப் விடுது, ஈக்கு அது போதாதா? நான் வெல்க்ரோ வாங்கி தைச்சுக்கிட்டேன். இன்னொண்ணு, கம்பியோட ஒட்டி கட்டாதீங்க, உள்ளேருந்தே கடிச்சு ஓட்டை போட்டுருவாங்க, ஒரு இன்ச் தள்ளி கட்டுங்க.

வலை போட்டாச்சுன்னு பாக்காம இருந்துராதீங்க. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தூக்கி வாலுக்கு அடில பாக்கணும், குண்டு முயல், வயசான முயல்னா கண்டிப்பா, அதுங்களால திரும்பி நக்கி சுத்தம் பண்ணிக்க முடியாது. அழுக்கு இருந்தா அந்த இடத்த மட்டும் கழுவி நல்லா காய வைங்க, ஈர முடிக்கும் ஈ வரும். டாக்டர் சொல்லி நம்ம சவுத் ஆப்பிரிக்கா தயாரிப்பு எஃப்10ங்கிற கிருமிநாசினி ஸ்ப்ரே, பூச்சி மருந்து கலந்தது, அதும் வச்சிருக்கேன், சும்மா எஃப்10னு கேட்டா வேற குடுத்துருவாங்க, பாத்து வாங்குங்க. நாய்க்கு விடுற ஃபிப்ரோனில் சொட்டு மருந்த மட்டும் முயல் மேல போட்டுராதீங்க, உயிருக்கே ஆபத்து.

ஜிப்புக்காக ஒரு ஸ்டார் குறைச்சு நாலு குடுக்கிறேன். குட்டிங்க கூண்டுக்கும் இதே வலைதான் சொல்லி வச்சிருக்கேன்.