நரம்பு சுருட்டல் தைலம்: 6,400 ரூபாயும் ஒரு புண்ணும்

காலில் நரம்பு சுருண்டிருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் ஒரே மண்டலத்தில் சரியாகிவிடும் என்று யாராவது தைலம் விற்றால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கினேன். அதுவும் இரண்டு தடவை.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்றும் எழுதலாம், ஆனால் நிற்கிறேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணி ஆகும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதில் ஃபால்ஸ் துணிக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே இடது முழங்காலுக்குப் பின்னால் பச்சையாக முடிச்சுத் தெரிந்தது. வர வர அது கெண்டைக்கால் வரை புடைத்து இறங்கியது. சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனக்கும். சொந்தக்காரர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வைத்தியம் எல்லாம் செய்தேன். ஆப்பிள் சைடர் வினிகர் தடவினேன், எரிந்தது. பூண்டை அரைத்து இரவு முழுக்கக் கட்டினேன், காலையில் கொப்புளம். அதோடு விட்டிருக்கலாம்.

அப்புறம்தான் லோக்கல் கேபிளில் அந்த விளம்பரம். கோட்டுப் போட்ட ஒருவர், பரம்பரை வைத்தியராம். போன் செய்தேன். எடுத்தவர் காலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. “அம்மா, இது நரம்புத் தளர்ச்சியோட ஆரம்பம். இப்படியே விட்டா பக்கவாதத்துல கொண்டு போய் விட்டுடும்” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று பாட்டில் தைலம், ஒரு டப்பா லேகியம், 3,200 ரூபாய். பார்சல் வரும்போது காசு கொடுத்தால் போதும்.

தைலத்தைச் சுடவைத்து, தொடையிலிருந்து பாதம் வரை அழுத்தி உருவிவிட வேண்டும். பிறகு கல்லுப்பு ஒத்தடம், படுக்கும்முன் வெந்நீரில் அரை மணி நேரம் கால். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. நாள் முழுக்க நின்ற காலுக்கு யார் உருவிவிட்டாலும் சுகமாகத்தானே இருக்கும்? அதை நம்பித்தான் இரண்டாவது மண்டலத்துக்கும் 3,200 கட்டினேன்.

அதன் நடுவில் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிக்க ஆரம்பித்தது. கேட்டால் “கெட்ட ரத்தம் இறங்குதும்மா, நல்ல அறிகுறி” என்றார்கள். சொறிந்த இடத்தில் எட்டணா அளவுக்குப் புண் வந்து நீர் வடிந்தது. மறுபடி போன் செய்தேன். “உங்களுக்கு முத்திப்போச்சு, ஸ்பெஷல் பேக் 5,500” என்றார்கள்.

அன்று ராத்திரி தைலப் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தேன். லேபிள் ஓரம் கிளம்பியது. நகத்தால் இழுத்தேன், முழுசாக வந்துவிட்டது. கீழே இன்னொரு லேபிள்: முழங்கால் படம் போட்டு, ‘மூட்டு வலி நிவாரணி’. எண்ணெய் ஒன்றுதான், சட்டைதான் வேறு. லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எதுவும் இரண்டு லேபிளிலும் இல்லை. சித்தா, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இவை கட்டாயம். படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை, நான் ஏமாந்தது ஒரு டெலிபோன் நம்பரிடம்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தநாளப் பிரிவு டாக்டரம்மா முதலில் சொன்னதே, “இது நரம்பே இல்லம்மா” என்பதுதான். நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்கிறோம், ஆனால் புடைத்திருப்பது ரத்தக் குழாய், சிரை. காலுக்கு வந்த ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதை. தள்ளிய ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழே தேங்கி, குழாய் புடைத்து நெளிகிறது. தேங்கத் தேங்கத் தோல் கறுக்கும், புண் வரும். தோலில் தடவும் எந்த எண்ணெயும் உள்ளே இருக்கும் வால்வைச் சரிசெய்யாது. சூடு பட்டால் குழாய் இன்னும் விரியும். “மேலே போக வேண்டிய ரத்தத்தைக் கீழே உருவியிருக்கீங்க” என்றார். நரம்பு என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பக்கவாதம் வரை பயம் காட்டியிருக்கிறார்கள்.

நிற்க வைத்து, குழாயில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வாரம் ஒரு தடவை இறுக்கக் கட்டுப் போட்டு, புண் ஆற நான்கு மாதம் ஆனது. பிறகு பழுதான குழாயை லேசர் சூட்டால் அடைத்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. படுத்துக்கொண்டு காலை நெஞ்சுக்கு மேல் உயரத்தில் கால் மணி நேரம் வைப்பது, கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, நடப்பது. வால்வு சரியாகாது, வீக்கமும் கனமும் குறையும். அழுத்தக் காலுறையை டாக்டர் அளவெடுத்துச் சொன்ன பிறகே வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலுக்கு ரத்தம் இறங்குவதே குறைவாக இருக்கலாம், அவர்கள் டாக்டரிடம் காட்டாமல் போட்டால் ஆபத்து. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும், வீங்கிய பிறகு ஏறாது.

புடைத்த குழாய் உடைந்து ரத்தம் வந்தால் பதறி ஓடாதீர்கள். படுத்து, காலை உயர்த்தி, துணி வைத்து அழுத்திப் பிடித்து ஆள் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உருவிவிடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பணம்? நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது பார்சல் சீட்டு மட்டும், அதில் அனுப்புநர் பெயர் விளம்பரத்தில் வந்த பெயரே இல்லை. புகார் நிற்கிறது, நானும் நிற்கிறேன்.

சுடிதார் பிரிவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி போன மாதம் அதே நம்பருக்கு ஆர்டர் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். பார்சல்காரர் வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். அவளுக்கு ஒரு பைசா செலவில்லை.