புகை படிந்த செங்கல்லுக்குச் சலவைச் சோடா

2022இல் காஸ் சிலிண்டர் வரிசையில் நின்று அலுத்துப்போய், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவிலிருக்கும் பழைய குசினியைத் திறந்து விறகு மூட்டினோம். காஸ் திரும்பி வந்த பிறகும் மாமி அந்த அடுப்பை விடவில்லை. மீன் ஆணத்தை விறகில்தான் ஆக்க வேண்டுமாம். ருசி உண்மைதான், ஆனால் பூச்சில்லாத செங்கல் சுவர், புகைக்கூட்டு வாயிலிருந்து கூரைவரை கறுத்துவிட்டது. மாரியில் ஈர விறகு எரித்தால் இன்னும் மோசம்.

ஹாட்வெயார் தம்பி முதலில் எடுத்து வைத்தது அமிலப் போத்தல். வேண்டாம் என்றேன். அது சீமெந்துக் கறைக்கு ஆகும். கரியைக் கரைக்காது, கல்லுக்கிடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்தைத்தான் அரிக்கும். சொப்பிங் பையில் நிறுத்துக் கொடுக்கும் சாதாரண சலவைச் சோடாவை வாங்கிவந்தேன். விலை சொற்பம்.

கரித்தூளைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது விறகுத் தாரும் தாளித எண்ணெயும். சோடா காரம் என்பதால் அந்தப் பிசுக்கைக் கழற்றிவிடுகிறது. ஆனால் எடுத்தவுடன் ஈரம் காட்டக்கூடாது. முதலில் தும்புத்தடியால் காய்ந்த கரியைத் தட்டி இறக்கினேன். மறுகா சுவருக்கு வெறும் தண்ணீர் அடித்தேன். கல் முதலே நல்ல தண்ணீரைக் குடித்திருந்தால் கரித்தண்ணியை உள்ளே இழுக்காது. வாசலில் நின்ற மாமி கேட்டா, “என்னகா புள்ள, சுவருக்கும் முழுக வாக்கிறியா?”

ஒரு வாளி சுடுதண்ணீருக்கு ஒரு சுண்டு, அதாவது ஒரு பால்பேணி அளவு சோடா. கையுறை கட்டாயம். கீழிருந்து மேலே பூசிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் கறுப்புத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு போட்டுவிடும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு நார்த் தூரிகையால் தேய்த்தேன். கம்பித் தூரிகை எங்கள் சூளைக் கல்லுக்கு ஆகாது, கீறிவிடும். உதிரும் கம்பித்துண்டு பிறகு துருக்கறையாகும். கழுவுவதில் சோம்பல்பட்டால் காய்ந்தபின் வெள்ளை உப்புப் பூக்கும். தண்ணீர் தெளிவாக வடியும்வரை ஊற்றுங்கள்.

சுவரின் பெரும்பகுதி சிவப்புக்குத் திரும்பிவிட்டது. அடுப்பு வாய்க்கு நேர் மேலே உள்ள கற்கள் மட்டும் மசமசவென்றே இருக்கின்றன. இத்தனை காலப் புகை கல்லின் துளைக்குள் இறங்கியிருக்கிறது, அதைச் சோடாவும் எட்டவில்லை. மாமிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது, சோடாவுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்தான் போடுவேன்.

வீட்டில் இருக்கும் அப்பச்சோடா போதாதா என்று தங்கச்சி கேட்டாள். அது காரம் குறைந்தது, இவ்வளவு பிசுக்கை அசைக்காது. மிஞ்சிய சோடாத் தண்ணியை அலுமினியச் சட்டி பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம், சட்டி கறுத்துவிடும்.